வாயிலில் நின்றவன்: ஒரு டிஸ்கோ கட்டுரை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

1976 ஜூன் 7 தேதியிட்ட 'நியூயார்க்' வார இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. புரூக்ளின் நகரப்பகுதியின் பே ரிட்ஜில் வாழும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வாரம் முழுவதும் சிறு வேலைகளில் உழன்று, சனிக்கிழமை இரவில் டிஸ்கோ கூடத்துக்குள் நுழைந்ததும் வேறு மனிதர்களாகிவிடுவதை அது விவரித்தது. அடுத்த ஆண்டே அது 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்ற திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. படம் வந்து 20 ஆண்டுகள் ஆன நிலையில், கட்டுரையின் நாயகன் தன் கற்பனையில் பிறந்தவன் என்று எழுதியவரே ஒப்புக்கொண்டார்.

நேரில் பார்த்து எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நிகழ்வு பயன்படும் என்று கருதிப் பதிவு செய்கிறேன். யாரையும் கூண்டில் ஏற்றுவது நோக்கம் அன்று என்பதால் எழுதியவரைக் 'கட்டுரையாளர்' என்றே குறிக்கிறேன். கூடத்துக்கு வந்துபோன இளைஞர்களும் பெயரின்றியே வருகிறார்கள். திரைப்படத்தில் பங்கேற்றவர்களின் பெயர்கள் ஊரறிந்தவை என்பதால் அவற்றை மறைக்கவில்லை.

பின்னணி

கட்டுரையாளர் பிரிட்டனிலிருந்து வந்தவர். வட அயர்லாந்தின் டெரியில் வளர்ந்து, 1960களில் லண்டனில் பாப் இசை பற்றி எழுதி இளம் வயதிலேயே பெயர் பெற்றவர். நியூயார்க்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் எழுதிய இதழோ, செய்தியைச் சிறுகதையின் நடையில், உரையாடலும் காட்சியுமாக எழுதும் முறையை வளர்த்தெடுத்த இதழ்களுள் முதன்மையானது. அந்த முறையில் செய்தியாளர் பாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்தும் எழுதலாம். ஆனால் அந்த மனத்துக்கு உரியவரிடம் பேசியிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

நகரத்தின் நிலைமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1975 இலையுதிர் காலத்தில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் விளிம்புக்குப் போனது. மத்திய அரசு கைகொடுக்க மறுத்ததை அக்டோபர் 30 அன்று ஒரு நாளிதழ் 'செத்துப்போ' என்று அதிபரே நகரத்தைப் பார்த்துச் சொன்னதாகத் தலைப்பிட்டது. ஆலைகளும் கிடங்குகளும் மூடப்பட்டு வந்தன. தலைமுறை தலைமுறையாகக் கட்டணமின்றிப் பாடம் சொன்ன நகரப் பல்கலைக்கழகம் 1976இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பே ரிட்ஜில் வாழ்ந்த இத்தாலிய, ஐரிஷ் குடும்பங்களில் 18 வயதை எட்டிய ஒரு பையனுக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று வீட்டுக் கதவைத் தட்டும் செய்தியாகவே இருந்திருக்கும்.

டிஸ்கோவின் பிறப்பிடம் இந்தப் பகுதி இல்லை. 1970இல் மன்ஹாட்டனில் டேவிட் மான்குசோ தம் குடியிருப்பிலேயே நடத்தத் தொடங்கிய 'லாஃப்ட்' போன்ற இடங்களில், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தன்பால் ஈர்ப்புடையோரும் கூடி ஆடிய ஆட்டம் அது. ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுழலும் 'ஹஸல்' ஆட்டத்தை உருவாக்கியதில் போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. புரூக்ளினின் இத்தாலியப் பையன்களிடம் அது பிந்தித்தான் வந்து சேர்ந்தது. கட்டுரையாளருக்கு இந்த வரிசை தெரிந்தே இருந்தது. அவரைப் புரூக்ளினுக்கு அழைத்துச் சென்றவரும் ஒரு கறுப்பின நடனக்காரரே.

முதல் இரவும் கண்டவையும்

இருவரும் போய்ச் சேர்ந்த இடம் 64ஆம் தெருவில் இருந்த '2001 ஒடிஸி' என்ற கூடம். குளிர்கால இரவு. கூடத்துக்கு வெளியே குடிபோதையில் ஒரு கைகலப்பு நடந்துகொண்டிருந்தது. கார்க் கதவைத் திறந்த நொடியில், சண்டையிலிருந்து தள்ளாடி வந்த ஒருவன் கட்டுரையாளரின் கால்சட்டை மீதே வாந்தி எடுத்துவிட்டான். இதற்குமேல் இருப்பது சரியில்லை என்று அவர் வண்டியைத் திருப்பி மன்ஹாட்டனுக்கே போய்விட்டார்.

ஆனால் திரும்பும் முன் ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. கூடத்தின் வாயிலில், கருஞ்சிவப்பு பெல்பாட்டமும் உடலோடு ஒட்டிய கறுப்புச் சட்டையும் அணிந்த ஓர் இளைஞன், எதிரே நடக்கும் அடிதடியைச் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிலை கட்டுரையாளரின் நினைவில் தங்கிவிட்டது. இந்த நிகழ்வில் நேரடிக் கவனிப்பு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஏறக்குறைய இந்த ஒரு காட்சிதான்.

பிறகு அவர் மீண்டும் போனார். அந்த இளைஞனைத் தேடினார், கிடைக்கவில்லை. பகலில் அப்பகுதித் தெருக்களில் நடந்தார், சில கடைகளுக்குள் நுழைந்து பார்த்தார், உடைகளையும் கைச்சாடைகளையும் நடையையும் கவனித்தார். கூடத்திலிருந்தவர்களிடம் பேச முயன்றார். தமக்கு அந்த உலகத்தின் பேச்சே பிடிபடவில்லை என்றும், கேள்வி கேட்பதில் தாம் மோசமாகத் தோற்றதாகவும் பின்னாளில் அவரே எழுதினார்.

இதே கட்டுரைக்குப் படம் வரைந்த ஓவியர் ஜேம்ஸ் மெக்மல்லன் புகைப்படக் கருவியோடு அந்தக் கூடத்துக்குப் போய், அங்கிருந்தவர்களைப் படம் பிடித்து, அந்தப் படங்களைப் பார்த்து வண்ணம் தீட்டினார். மங்கிய ஒளியில் சலிப்போடு நிற்கும் இளைஞர்கள் அவர் ஓவியங்களில் இருக்கிறார்கள். கதைநாயகனின் மிடுக்கு அவர்களிடம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரே கட்டுரையின் பக்கங்களில் சாட்சியும் புனைவும் அருகருகே அச்சாகின.

எடுத்த முடிவு

தேடியவன் கிடைக்காதபோது கட்டுரையாளர் முன் மூன்று வழிகள் இருந்தன. இன்னும் பல சனிக்கிழமைகள் செலவிட்டு வேறொருவனோடு பழகலாம்; கிடைக்கவில்லை என்பதையே எழுதலாம்; அல்லது இல்லாதவனை உருவாக்கலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 1960களில் தாம் அறிந்திருந்த ஒரு 'மாட்' இளைஞனின் குணத்தை எடுத்து (உடையும் ஸ்கூட்டரும் இசையுமே உயிரென்று திரிந்த அக்காலத்து லண்டன் கூட்டத்தினரை அப்படி அழைத்தார்கள்), அதற்குப் புரூக்ளின் உடை உடுத்தி, 'வின்சென்ட்' என்று பெயர் வைத்தார்.

வின்சென்டுக்கு 18 வயது. வீட்டுச் சாமான் கடையில் பெயிண்ட் விற்கிறான். ஏணியில் ஏறி இறங்குகிறான். முதலாளி சொன்னதைச் செய்கிறான். சனிக்கிழமை வந்தால் பே ரிட்ஜின் தலைசிறந்த ஆட்டக்காரன். அவனிடம் 14 பூப்போட்ட சட்டைகள், 5 சூட்டுகள், 8 ஜோடிக் காலணிகள், 3 மேலங்கிகள் இருந்தன என்று கட்டுரை கணக்குச் சொல்கிறது. எண் வந்தால் எண்ணியவர் ஒருவர் இருப்பார் என்று வாசகர் நம்பிவிடுகிறார். இல்லாத ஒருவனின் அலமாரியை யாரும் எண்ணியிருக்க முடியாது என்பது இப்போது தெரிந்து படிக்கும்போது, அந்த வரி கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் கசப்பாகவும் இருக்கிறது.

அதே பத்தியில், நாடறிந்த தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியான 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்'இல் வின்சென்ட் தோன்றியதாகவும் உள்ளது. ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரிக்கத் தொடங்கியிருக்கக்கூடிய செய்தி அது. இன்னொரு தடயம் சொல்லிலேயே இருந்தது. ஆட்டத்தில் முதன்மையானவர்களைக் கட்டுரை 'ஃபேஸ்' என்று அழைக்கிறது. லண்டன் மாட் கூட்டத்தில் முன்னணியில் நிற்பவனுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய லண்டன் தெருவின் சொல் புரூக்ளின் பையன்களின் வாயில் ஏன் வருகிறது என்று கேட்கும் காது ஆசிரியர் குழுவில் எவருக்கேனும் இருந்திருந்தால், இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

இவையெல்லாவற்றையும்விடக் கனமான முடிவு இன்னொன்று. விவரித்தவை யாவும் உண்மை, தாம் நேரில் கண்டவை அல்லது சம்பந்தப்பட்டவர்களே தம்மிடம் சொன்னவை, முக்கியமானவர்களின் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்ற உறுதிமொழி கட்டுரையோடு அச்சிடப்பட்டது. வின்சென்டைக் கற்பனை செய்ததை ஒரு எழுத்தாளரின் பலவீனமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. இந்த உறுதிமொழியை அப்படிக் கடந்துபோக முடியவில்லை. பெயர் மாற்றப்பட்டது என்று சொல்வதன் வழியே, யாரும் தேடிப் போகாதபடி கதவும் அடைக்கப்பட்டுவிட்டது.

திரைப்படமாக மாறியபோது

கட்டுரையின் படவுரிமையை வாங்கியவர் தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட். லண்டன் நாட்களிலிருந்தே கட்டுரையாளருக்கு அறிமுகமானவர். திரைக்கதையை நார்மன் வெக்ஸ்லர் எழுதினார். படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் இயக்குநர் மாற்றப்பட்டு ஜான் பேடம் பொறுப்பேற்றார். வின்சென்ட், 19 வயது டோனி மனேரோ ஆனான். தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்றிருந்த ஜான் டிரவோல்டா அந்த வேடத்தை ஏற்றார்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட வேலையைப் படக்குழு செய்தது என்பதே இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. 1977இல் பே ரிட்ஜ் தெருக்களிலும், மேலே ரயில் ஓடும் 86ஆம் தெருவிலும், அதே ஒடிஸி கூடத்திலும் படம் பிடித்தார்கள். டிரவோல்டா மாதக்கணக்கில் நடனம் பயின்றார். அத்துடன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கூடத்துக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தார். அவரை அடையாளம் கண்டு ஒரு பெண் நெருங்கினால், அவருக்குத் தொந்தரவு கொடுக்காதே என்று அவளோடு வந்த ஆண் அவளைத் தள்ளிவிடுவதைக் கண்டாராம். டோனி பெண்களை நடத்தும் விதத்தை அங்கிருந்தே எடுத்ததாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தன்னை விரும்பும் ஆனெட்டை டோனி அலட்சியம் செய்யும் காட்சிகளில் ஒரு பார்வையாளனின் குறிப்பேடு இருப்பதை இது தெரிந்த பிறகு உணர முடிகிறது.

நடனத்தைப் பதிவு செய்ததிலும் இதே அக்கறை தெரிகிறது. டோனி தனியே ஆடும் காட்சியை முதலில் முகமும் இடுப்பும் தோளுமாக நெருக்கத்தில் வெட்டித் தொகுத்திருந்தார்கள். தலை முதல் பாதம் வரை தெரியாவிட்டால் ஆடியவன் நான்தான் என்று எவரும் நம்பமாட்டார்கள் என்று டிரவோல்டா போராடியதால், முழு உருவமும் தெரியும்படி அது மறுபடி தொகுக்கப்பட்டது. ஆடுதளத்தில் மற்றவர்கள் விலகி வழிவிட, அந்த உடல் மொத்தமாகத் திரையில் நிற்கிறது; கால் எங்கே ஊன்றியது, எப்போது திரும்பியது என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கட்டுரையில் இல்லாத சாட்சியம் அது.

படத்தில் புனைவே இல்லை என்று சொல்லவரவில்லை. விளக்கெரியும் புகழ்பெற்ற அந்தத் தரை படத்துக்காகவே பொருத்தப்பட்டது. கூடத்தில் ஒலிப்பதாகக் காட்டப்படும் 'பீ ஜீஸ்' இசைக்குழுவின் பாடல்கள் பிரான்ஸில் ஒரு பழைய மாளிகையில் உருவானவை. ஆடிப் பயின்றதோ வேறு பாடகர்களின் இசைக்கு.

வேலை, கூலி, குடும்பம் ஆகியவற்றில் திரைக்கதை காட்டிய நுணுக்கத்தையும் குறிப்பிட வேண்டும். டோனிக்குச் சம்பளத்தில் நான்கு டாலர் கூடுகிறது. கட்டட வேலை இழந்து மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிய தந்தை, இன்றைய விலைவாசியில் அந்த நான்கு டாலர் மூன்று டாலருக்குக்கூடப் பெறாது என்று ஏளனம் செய்கிறார். கூடத்தில் கிடைக்கும் கைதட்டலையும் இந்தச் சம்பள உயர்வையும் தவிர வாழ்நாளில் வேறு யாரும் தன்னைப் பாராட்டியதில்லை என்று மகன் ஆற்றாமையோடு சொல்கிறான். 1977இன் நியூயார்க் தொழிலாளர் குடும்பத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய சாப்பாட்டு மேசைகள் அக்காலப் படங்களில் அதிகமில்லை என்பது என் கருத்து.

படம் அந்த இளைஞர்களுக்கு வெள்ளையடிக்கவும் இல்லை. அவர்கள் போர்ட்டோ ரிக்கோ பையன்களை அடிக்கிறார்கள். காரின் பின்னிருக்கையில் ஆனெட்டுக்கு நண்பர்களே கொடுமை இழைக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் வெரசானோ பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். கூடத்தின் நடனப் போட்டியில் டோனியும் அவனோடு ஜோடியாக ஆடும் ஸ்டெஃபனியும் பரிசு பெறும்போது, தங்களைவிட நன்றாக ஆடிய போர்ட்டோ ரிக்கோ ஜோடிக்கே அது உரியது என்று உணர்ந்து, கோப்பையையும் பணத்தையும் டோனி அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறான். நம் ஊர், நம் கூடம், நம் ஆள் என்பதற்காகத் தீர்ப்பு வளைந்தது என்று அவனே சொல்கிறான். ஆட்டத்தின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்ற கேள்வியை அந்த ஒரு காட்சி எழுப்பிவிடுகிறது.

தொடர்ந்தவை

படம் 1977 டிசம்பரில் வெளிவந்தது. பாடல் தொகுப்பு 1978இல் அமெரிக்கப் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. டிரவோல்டா 24 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். வன்முறையும் வசவும் குறைக்கப்பட்ட பதிப்பு 1979இல் இளையோருக்காகத் திரையிடப்பட்டது. டோனியின் வெள்ளை சூட்டும் நடையும் மிஞ்சின, வீட்டுச் சண்டையின் காரம் குறைந்தது. 2010இல் படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

விரும்பத்தகாத விளைவும் இருந்தது. டிஸ்கோ என்றால் வெள்ளை சூட் அணிந்த புரூக்ளின் பையன் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியதால், அந்த ஆட்டத்தை வளர்த்த கறுப்பின, லத்தீன், தன்பால் ஈர்ப்புக் கூடங்கள் பொதுநினைவில் பின்னுக்குப் போயின. ஆனால் எதிர்ப்பு எழுந்தபோது அடி அவர்கள் மீதும் விழுந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துச் சிதறடித்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் இரண்டாம் ஆட்டமே கைவிடப்பட்டது. இதற்குக் கட்டுரையாளரைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. எனினும் ஒரு சமூகத்தைப் பற்றிய பொதுப்படிமம் தோன்றும் ஊற்றில் அவர் நின்றார் என்பதை மறுக்கவும் முடியாது.

ஒடிஸி கூடம் 1980களின் பிற்பகுதியில் தன்பால் ஈர்ப்புடையோரின் நடனக்கூடமாக மாறி 2005 வரை நடந்தது. பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது.

ஒப்புதல்

1990களில் கட்டுரையாளர் உண்மையைச் சொன்னார். 1997இல் அதே இதழில் விரிவாகவும் எழுதினார். வாயிலில் நின்றவன், கால்சட்டையில் பட்ட வாந்தி, பகலில் நடந்த தெருக்கள், லண்டன் நண்பன் எல்லாம் அப்போதுதான் வெளிவந்தன. மாற்று உண்மை, எழுத்தின் உள்ளார்ந்த மெய் என்றெல்லாம் அன்று கேட்டிருந்தால் சாதித்திருப்பேன், ஆனால் இதழியலின் விதி தெரிந்தே அதை மீறினேன், செய்தது ஏமாற்று என்ற பொருளில் அவர் எழுதியதில் சமாதானம் தேடும் தொனி இல்லை. அந்த நேர்மைக்கு உரிய மதிப்பைத் தரவேண்டும். அது 21 ஆண்டுகள் தாமதமாக, எந்த இழப்பும் நேராத காலத்தில் வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

ஆசிரியர் மேசையில் மாற்றம் எளிது. பெயர் மாற்றப்பட்ட பாத்திரம் மையமாக இருந்தால், அவரது உண்மைப் பெயரும் அவரை அணுகும் வழியும் ஆசிரியர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அச்சுக்கு முன் அவரோடு ஒருமுறை பேசியிருக்க வேண்டும். உண்மை என்று உறுதி கூறும் குறிப்பை எழுதியவரின் சொல்லை மட்டும் நம்பி அச்சிடக் கூடாது. ஓவியரின் புகைப்படங்களைக் கட்டுரையின் அருகில் வைத்து, இதில் வின்சென்ட் யார் என்று கேட்பதே போதுமான சோதனையாக இருந்திருக்கும்.

படத்தைக் கொண்டு வகுப்பெடுப்போர் அதைப் பே ரிட்ஜின் ஆவணமாகக் காட்டுவதைத் தவிர்க்கலாம். எந்தக் காட்சி கட்டுரையிலிருந்து வந்தது, எது படக்குழு நேரில் பார்த்ததிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டினால் மாணவர்கள் இரண்டையும் வேறு வேறு விதமாக வாசிப்பார்கள். பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்துத் தெருவில் நடக்கும் அந்த முதல் காட்சியிலேயே இதைத் தொடங்கலாம்: கடைவேலை கட்டுரையிலிருந்து வந்தது, தெரு மட்டும் நிஜம்.

கட்டுரையாளருக்கு இருந்த இரண்டாம் வழிக்கே மறுபடியும் திரும்ப வேண்டியிருக்கிறது. வாயிலில் ஒருவனைக் கண்டேன், தேடிப் போனேன், கிடைக்கவில்லை, அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, ஆனால் அந்த நிற்கும் தோரணை என்னை விடவில்லை என்று 1976லேயே அவர் எழுதியிருக்கலாம். ஓர் அந்நியன் தொழிலாளர் இளைஞர்களின் வாசலில் நின்று தயங்கிய கதையாக அது இருந்திருக்கும். அதிலிருந்து படம் பிறந்திருக்குமா என்பது ஐயமே. 1997இல் அவர் எழுதியது ஏறத்தாழ அந்தக் கட்டுரைதான்.